ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் வகை

நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் புதியராய் வந்து சேரும் மாணவருள் ஒரு பகுதியார் பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழிலேயே முடித்தவராவர். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சரித்திரத்திலும் நல்ல தேர்ச்சியுடையராய் வரும் இவர்களுட் பலர், கல்லூரி வகுப்பில் அமர்ந்த முதல் வாரத்திலேயே வாயடைத்துப் போகின்றனர். ஆசிரியர் வினவும் வினாவிற்கு விடை இவர்தம் உள்ளத்தில் இருக்கின்றது. அவ்விடையைச் சுமந்து வெளிக்கொணரும் ஆங்கிலச் சொல்தான் இல்லை. நாள் செல்லச் செல்ல, சொல்லின்மையை அறிவின்மையென்று பிறர் மயங்குகின்றனர். அதனினும் கொடிதாக, அம்மாணவர் தாமும் அங்ஙனமே மயங்கிவிடுகின்றனர். சொற்குறை பயிற்சியால் நீங்கத்தக்கது. தன்னை அறிவிலியென்று தானே எண்ணிக்கொண்ட உள்ளத்தின் சோர்வோ எளிதில் நீங்குவதன்று. ஆதலின், இச்சொற்குறையை நீக்கிக்கொள்ளும் வழி யாதென ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

தொடங்குமுன் ஒன்று கூறுதல் வேண்டும். இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்தினாலேயே எழுதியுள்ளோம். அவற்றின் எழுத்துக்கூட்டை அகராதியைத் திறந்து பார்த்துக் கொள்ளுதல் படிப்போர் கடமை. அங்ஙனம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை அகராதியைத் திறப்பவர், இக்கட்டுரை முடிவதற்குள்ளாகவே பயிற்சியைத் தொடங்கியவராவர்.

பட்டியலை நெட்டுருச் செய்தல் போதுமா?

சொல்வளம் பெருக வேண்டுமென்று விரும்பும் மாணவர் பெரும்பாலும் முதலிற் செய்வது யாது? நூறு அருஞ்சொற்களை ஓரிடத்தில் எழுதி, அவற்றிற்கு நேரே தமிழ்ப் பொருளை எழுதி, இரவும் பகலும் நெட்டுருச் செய்வதே. இவ்வழக்கம் நம் முன்னோரிடத்தும் இருந்ததன்றோ என்று சிலர் கேட்கலாம். திண்ணைப் பள்ளிகளில் நிகண்டுகளை மாணவர் மனப்பாடஞ் செய்தது உண்மையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நிகண்டு கற்ற மாணவன் தமிழைப் பேசியும் கேட்டும் வளர்ந்தவன். அவன் கற்ற சொற்கள் அடுத்த நாளே அவன் பாடங்கேட்கும் செய்யுளில் வந்து பொருளோடு நிற்கும். நாம் நெட்டுருச் செய்யும் ஆங்கிலச் சொல்லோ, வாக்கியத்தினின்றும் பிரிக்கப்பட்டு, வேரொடு பிடுங்கிய நாற்றுப்போலத் தனித்துக் கிடக்கின்றது. நட இடமில்லாத நாற்று வாடுதல் இயல்பே.

இன்னுமோர் இடர் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்றற்குத் தமிழ்ச்சொல் ஒன்றே நிகரென்று எண்ணுவது பெரும்பாலும் தவறாகும். ‘ஹெவி’ என்றாற் கனமான என்று பொருள் எழுதிக்கொள்கின்றோம். ‘ஹெவி ரெயின்’ என்பது கனமழை. இங்கே பொருத்தம் நன்கமைந்தது. ஆயின், ‘ஹெவி ஹார்ட்’ என்பது கனமான நெஞ்சமன்று, துயருற்ற நெஞ்சம். ‘ஹெவி ஸ்லீப்பர்’ என்பவன் கனமான உடம்பினனல்லன், எளிதில் விழிக்காதவன். சொல்லின் பொருளை அதன் பக்கத்தில் நிற்கும் சொல் மாற்றிவிடுகின்றது.

அகராதி செய்தோர் கண்ட உண்மை

சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து கிடைக்கின்றது என்பதை அகராதிகளின் வரலாறே நமக்குக் கற்பிக்கும். தமிழில் அகரவரிசைப்படி சொற்களை முறைப்படுத்திய சதுரகராதியை வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டிற் செய்தளித்தார். இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சனாரின் அகராதி 1755-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜான்சனார் தம் அகராதியிற் பொருள் மட்டும் கூறி அமையாது, நல்லாசிரியர்களின் நூல்களினின்றும் வாக்கியங்களை எடுத்துக் காட்டினார்.

அம்முறையைப் பெருக வளர்த்தவர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தோர். ஜேம்ஸ் மர்ரே என்பார் 1879-ஆம் ஆண்டில் அதன் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்றார். பல ஊர்களிலும் வாழ்ந்த படிப்பாளிகள் தாம் படித்த நூல்களில் ஒரு சொல் வந்த வாக்கியத்தைச் சிறு தாளில் எழுதி அவருக்கு அனுப்பினர். அத்தாள்களை வகைப்படுத்தி நோக்கி, ஒரு சொல் எவ்வெப்பொருளில் வழங்கிற்றென்று அவரும் அவர்தம் துணைவரும் முடிவு செய்தனர். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. மர்ரே 1915-இற் காலமானார். பணி நிறைவெய்தியதோ 1928-இல். அம்முதற் பதிப்பில் அச்சேறிய மேற்கோள்கள் 18 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. இதனால் நாம் அறிவது யாது? பொருளிலிருந்து வாக்கியம் பிறக்கவில்லை. வாக்கியங்களிலிருந்தே பொருள் கண்டறியப்பட்டது. பேரறிஞரே வாக்கியத்தை விடுத்துப் பொருள் காணத் துணியாதபோது, மாணவராகிய நாம் வாக்கியத்தை விடுத்துச் சொல்லைக் கற்கப் புகுதல் தகுமா?

ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்க்கெனவே அமைந்த அகராதிகளும் உண்டு. டாக்கா நகரில் வங்க மாணவர்க்குக் கல்வித்துறையில் தொண்டாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார் 1935-இல் வெளியிட்ட அகராதியில், 1,500-க்கு உட்பட்ட எளிய சொற்களைக் கொண்டே ஏனைச் சொற்கள் அனைத்திற்கும் பொருள் கூறினார். ஹார்ன்பி என்பார் ஜப்பானிய மாணவர்க்குக் கற்பித்த அனுபவத்தாற் செய்த அகராதி 1942-இல் டோக்கியோ நகரிலும், பின்னர் 1948-இல் ஆக்ஸ்போர்டிலும் வெளிவந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் எம்முறையில் அமையும் என்பதையும் அது காட்டிற்று. இவ்வகை மாணவர் அகராதி ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருத்தல் நலம்.

ஒரு வேர், பல கிளைகள்

ஆங்கிலச் சொற்கள் பல்லாயிரமாயினும், இலத்தீன் மொழியினின்றும் வந்த ஒரு வேரைப் பற்றினால் அதன் கிளைகள் பல ஒருங்கே கைவரும். ‘எழுதுதல்’ என்னும் பொருளுடைய ‘ஸ்கிரைப்’ என்னும் வேரை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னே சிற்றொட்டுகள் வந்து சேருந்தோறும் பொருள் வேறுபடுதலைக் காண்க.

1. டிஸ்கிரைப்: ஒரு பொருளோ நிகழ்ச்சியோ எத்தன்மைத்தென்று சொல்லால் விளக்கிக் காட்டுதல், வருணித்தல். வாக்கியம்: ‘டிஸ்கிரைப் தி ஹவுஸ் இன் விச் யூ லிவ்.’ நீ வாழும் வீட்டை வருணித்துரைக்க என்பது கருத்து. ‘வீட்டைப்பற்றி’ என்னும் தமிழ் வழக்கை உட்கொண்டு, ‘டிஸ்கிரைப் அபவுட்’ என்று எழுதுவார் பலர். இச்சொல்லுக்குப் பின் ‘அபவுட்’ வேண்டா.

2. பிரிஸ்கிரைப்: ‘பிரி’ என்பது முன்னர் என்னும் பொருட்டு. முன்னர் எழுதி வைத்தல். எனவே, இன்னது செய்கவென விதித்தல். வைத்தியர் மருந்தை விதிப்பதும், பல்கலைக்கழகத்தார் பாடநூலை விதிப்பதும் இச்சொல்லாற் குறிக்கப்படும். வாக்கியம்: ‘தி டாக்டர் பிரிஸ்கிரைப்டு கம்ப்ளீட் ரெஸ்ட்.’ முழு ஓய்வு கொள்ளுமாறு வைத்தியர் விதித்தார்.

3. புரோஸ்கிரைப்: சட்டத்தினால் தடைசெய்தல். உரோமாபுரியில் சுல்லா என்பான் கி.மு. 82-ஆம் ஆண்டில் தன் பகைவர் பெயர்களைப் பட்டியலாக எழுதிப் பொதுவிடத்தில் ஒட்டுவித்தான். பெயர் வந்தவன் உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லை. இதன் நினைவாகவே இச்சொல் தடைப்பொருள் பெற்று நிற்கின்றது.

இவ்விரண்டாவது சொல்லும் மூன்றாவது சொல்லும் ஒலியால் மிக நெருங்கியவை, பொருளாலோ பகைவர். நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1928-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியாரின் பாடல் நூல்களைச் சென்னை அரசாங்கத்தார் பறிமுதல் செய்தனர். அன்று அவை ‘புரோஸ்கிரைப்டு’ நூல்கள். அப்பாடல்களே பிற்காலத்தில் பள்ளி மாணவர்க்குப் பாடமாக வைக்கப்பெற்று ‘பிரிஸ்கிரைப்டு’ ஆயின. ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேற்றுமையில் ஒரு நாட்டின் அடிமை நிலையும் விடுதலை நிலையும் அடங்கி நிற்றலைக் காண்க. இதனை ஒருமுறை உணர்ந்தவன் இவ்விரு சொற்களையும் மீண்டும் மயங்கான்.

4. சப்ஸ்கிரைப்: ‘சப்’ என்பது கீழே என்னும் பொருட்டு. ஓர் ஓலையின் அல்லது பத்திரத்தின் கீழே கையெழுத்திடுதல். எனவே, பணம் தர உடன்படுதல், சந்தா செலுத்துதல், ஒரு கருத்திற்கு உடன்படுதல். வாக்கியம்: ‘ஐ டூ நாட் சப்ஸ்கிரைப் டு தட் ஒபீனியன்.’ அக்கருத்தை யான் ஏற்பவனல்லேன்.

5. இன்ஸ்கிரைப்: கல்லினும் செம்பினும் பிறவற்றினும் எழுத்தைப் பொறித்தல். வாக்கியம்: ‘தி கிங்ஸ் கிஃப்ட்ஸ் ஆர் இன்ஸ்கிரைப்டு ஆன் தி டெம்பிள் வால்ஸ்.’ அரசன் அளித்த கொடைகள் கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறிப்பித்த கல்வெட்டுக்களை நினைத்துக்கொண்டால் இச்சொல் மறவாது.

6. டிரான்ஸ்கிரைப்: ஓரிடத்தில் உள்ளதை மற்றோரிடத்திற் பெயர்த்தெழுதுதல். வாக்கியம்: ‘ஹி டிரான்ஸ்கிரைப்டு தி பாம் லீவ்ஸ் வித் கிரேட் கேர்.’ அவர் ஏட்டுச் சுவடிகளை மிக்க கவனத்துடன் பெயர்த்தெழுதினார். 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்களின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி இச்சொல்லுள் அடங்கும்.

7. அஸ்கிரைப்: ஒரு செயலையோ நூலையோ ஒருவர்க்கு உரியதெனச் சார்த்திக் கூறுதல். வாக்கியம்: ‘ஷி அஸ்கிரைப்டு ஹெர் சக்ஸஸ் டு ஹெர் மதர்.’ தன் வெற்றிக்குத் தாயே காரணமென்று அவள் கூறினாள். இச்சொல்லோடு ‘டு’ என்பது இணைபிரியாது வரும்.

இவ்வேழு வினைகளையும் பெயராக்குங்கால் ‘ஸ்கிரைப்’ என்பது ‘ஸ்கிரிப்ஷன்’ எனத் திரியும்: டிஸ்கிரிப்ஷன், பிரிஸ்கிரிப்ஷன், இன்ஸ்கிரிப்ஷன் முதலியன காண்க. ஏழு சொற்கள் பதினான்காயின. கையால் எழுதப்பட்டது மேன்யுஸ்கிரிப்ட். கடிதம் முடிந்தபின் எழுதப்படுவது போஸ்ட்ஸ்கிரிப்ட். எழுதப்பட்ட திருநூல் ஸ்கிரிப்ச்சர். பதினேழாயின. இங்ஙனமே ‘சுமத்தல்’ என்னும் பொருளுடைய ‘போர்ட்’, ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய ‘ஸ்பெக்ட்’ என்னும் வேர்களைக்கொண்டு மாணவர் தாமே பட்டியல் வகுத்துப் பார்ப்பாராக.

ஈண்டு ஓர் எச்சரிக்கை: வேர் நினைவிற்குத் துணையேயன்றிப் பொருளுக்கு முடிவான சான்றாகாது. ‘முன்னர் எழுதுதல்’ என்னும் அளவிலே ‘மருந்து விதித்தல்’ என்னும் பொருளை எவரும் ஊகித்தல் அரிது. வேரைக்கொண்டு நினைவில் இருத்துக. வாக்கியத்தைக்கொண்டு பொருளை உறுதி செய்க.

உருவால் ஒத்தன, பொருளால் வேறாவன

ஒலியும் உருவும் ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களில் மாணவர் வழுவுதல் மிகுதி. நான்கு இணைகளைக் காட்டுதும்.

பிரின்சிபல் என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ‘ஏ, எல்’ என முடிவது தலைமையானவர் அல்லது தலைமையானது. நம் கல்லூரித் தலைவர் இவ்வகையினர். ‘எல், ஈ’ என முடிவது கொள்கை. விதியைக் குறிக்கும் ‘ரூல்’ என்னும் சொல்லும் ‘எல், ஈ’ என்றே முடிதலை நினைவிற் கொள்க.

ஸ்டேஷனரி என ஒலிப்பனவும் இரண்டே. ஈற்றில் ‘ஏ, ஆர், ஒய்’ பெறுவது அசையாது நிற்பது. ‘ஈ, ஆர், ஒய்’ பெறுவது தாள், மை முதலிய எழுதுபொருள்கள். ‘பேப்பர்’ என்னும் சொல்லின் இறுதியிலும் ‘ஈ, ஆர்’ உண்டு.

எக்கனாமிக் என்பது பொருளாதாரஞ் சார்ந்தது. எக்கனாமிகல் என்பது சிக்கனமானது. நாட்டின் நிலையைக் கூறுங்கால் முன்னதும், வீட்டுச் செலவைக் குறைக்கும் அடுப்பைக் கூறுங்கால் பின்னதும் வரும்.

டிஸின்டரெஸ்டெட் என்பதற்குத் தன்னலமற்ற, நடுநிலையான என்று பொருள் கொள்வதே கற்றோர் போற்றும் வழக்கு. அன்இன்டரெஸ்டெட் என்பது விருப்பமற்றது. வழக்கைத் தீர்க்கும் நீதிபதி முன்னவராயிருத்தல் வேண்டும். பின்னவராயிருப்பின் வழக்காடுவோர் கதி யாதாகும்!

துணைச்சொல் அறிதல்

ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் தத்தமக்குரிய துணையோடே நடக்கும். தென்னையினது ஓலை, நெல்லினது தாள், கரும்பினது தோகை, ஆலினது இலை என்கின்றோம். ஆலோலை என்றும் தென்னையிலை என்றும் கூறுவார் இலர். பசுவின் இளமையைக் கன்றென்றும் கோழியின் இளமையைக் குஞ்சென்றும் கூறுகின்றோம். இளமைப் பெயர்கள் பலவற்றைத் தொல்காப்பியம் மரபியலில் வகுத்துரைக்கின்றது. இவற்றிற்குக் காரணம் வினவுவதிற் பயனில்லை, மரபு அது. ஆங்கிலத்திற்கும் அத்தகைய மரபு உண்டு.

நாம் பொய் ‘சொல்லுகின்றோம்’. ஆதலின் ‘ஸே எ லை’ என்று எழுதத் தோன்றும். ஆங்கில மரபோ ‘டெல் எ லை’ என்பது. நாம் பிழை ‘செய்கின்றோம்’. ஆயினும் ‘டூ எ மிஸ்டேக்’ என்னாது ‘மேக் எ மிஸ்டேக்’ என்பர். நாம் பரீட்சை ‘எழுதுகின்றோம்’; இங்கிலாந்தில் அதனை ‘டேக்’ அல்லது ‘ஸிட்’ என்னும் வினையோடு கூறுவர். மழைக்கு ‘ஹெவி’ என்பவர் தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’ என்பர். ஆகவே, பெயர்ச்சொல் ஒன்றைக் கற்கும்போது அதனோடு வரும் வினையையும் அடைமொழியையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

தமிழிலிருந்தே ஆங்கிலத்திற் சென்ற சொற்களும் உள. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுதண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆயிற்று. நம் சொல்லன்றோ என்று அவற்றை ஆராயாது விடுதலும் தவறே. நம் மீனவர் கட்டுமரம் மரத்துண்டுகளை இணைத்துக் கட்டியது. ஆங்கிலத்தில் இன்று அச்சொல் பெரும்பாலும் இரட்டை உடலுடைய படகையே குறிக்கின்றது. பிறந்த வீட்டை விட்டுச் சென்ற சொல் புகுந்த வீட்டின் இயல்பைப் பெற்றுவிடும்.

குறிப்பேடும் மீள்பார்வையும்

இனி நாள்தோறும் செய்யத்தக்கது கூறுவோம். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. படிக்கும்போது எதிர்ப்படும் புதுச்சொற்களில் நாளொன்றுக்கு ஐந்து மட்டும் தெரிந்தெடுக்க. ஒவ்வொன்றற்கும் ஐந்து செய்திகள் எழுதுக: சொல்லும் அதன் எழுத்துக்கூட்டும், எளிய ஆங்கிலத்திற் பொருள், தமிழில் நெருங்கிய சொல், அச்சொல் வந்த மூல வாக்கியம், தாமே அமைத்த வாக்கியம் ஒன்று. இவற்றுள் ஐந்தாவதே உயிர்நிலை. தன் வீடு, தன் ஊர், தன் வகுப்பு ஆகியவற்றைப் பற்றி அவ்வாக்கியம் அமையுமாயின், சொல் அவனுக்கே உரிமையாகிவிடும்.

ஒருமுறை எழுதியதோடு அமையற்க. எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கண்டு 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கற்றது முதலில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்து போகின்றது. ஒரே அமர்வில் பன்முறை ஓதுவதினும், இடைவெளி விட்டு ஓதுவது பயன் தருவது என்பதும் அவர் கண்டது. ஆதலின், கற்ற மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளை மறைத்துவிட்டுத் தன்னைத்தானே வினவிக்கொள்க. வாரத்திற்கு ஆறு நாள், ஆண்டிற்கு நாற்பது வாரம் இங்ஙனம் செய்பவன் ஆண்டொன்றுக்கு 1,200 சொற்களும், பட்டப்படிப்பு முடியும் மூன்றாண்டிற்குள் 3,600 சொற்களும் பெறுவான்.

எச்சொற்களை முதலிற் கற்பது? அரியவற்றையல்ல, அடிக்கடி வருவனவற்றையே. மேற்கூறிய மைக்கேல் வெஸ்ட் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில நூல்களில் வரும் சொற்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவற்றுள் அடங்கும். எனவே, தமக்கு முன்னுள்ள மலை தாம் எண்ணிய அளவு உயர்ந்ததன்று என்பதைப் புதிய மாணவர் அறிந்து ஊக்கங்கொள்வாராக.

சொல்வளம் என்பது ஆரவாரச் சொற்களை அடுக்குதலன்று. ‘பிகின்’ என்னும் எளிய சொல் இருக்கக் ‘கமென்ஸ்’ என்று தேடிச் செல்லுதல் வளமாகாது. எண்ணியதை எண்ணியவாறே உரைக்கப் பொருந்திய சொல் வேண்டும்போது கைக்கு எட்டுவதே வளம். அதற்கு முதல்நிலை, எண்ணம் தெளிவாயிருத்தல். அத்தெளிவைத் தமிழ் கற்ற மாணவன் தன்னோடு கொண்டே வருகின்றான். தமிழில் ஒரு கருத்தைத் தெளிய உரைக்க வல்லவன் ஆங்கிலத்திற் கற்க வேண்டுவது அறிவையன்று, சொல்லையே.

மேல்வகுப்பு மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். தம் பக்கத்தில் அமர்ந்து வாய்திறவாதிருக்கும் புதிய மாணவனொருவனைத் துணையாகக் கொண்டு, மாலைதோறும் ஐந்து சொற்களுக்கு வாக்கியம் அமைத்துப் பழகுவாராயின், இருவர் சொல்வளமும் பெருகும். அவன் பிழைபடப் பேசும்போது நகையாது திருத்துக. நகைப்புக்கு அஞ்சி அடங்கிய நாவை எந்த அகராதியும் மீண்டும் பேசுவிக்க மாட்டாது.